ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி: ஹாரோ குன்றின் கதை

லண்டன் மாநகரின் வடமேற்கு ஓரத்தில் ஒரு சின்னக் குன்று இருக்கிறது. உயரம் சுமார் 124 மீட்டர். மலை ஏறிப் பழகியவர்கள் அதை மேடு என்றுதான் சொல்வார்கள். ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் பல மைல் தூரத்திலிருந்தே அது தெரியும். அதன் உச்சியில் ஒரு பழைய சர்ச், அதைச் சுற்றி ஒரு கிராமம், கிராமம் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஊரின் பெயர் ஹாரோ ஆன் த ஹில்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிதான். வின்ஸ்டன் சர்ச்சில் படித்த பள்ளி, ஜவஹர்லால் நேரு 1905 முதல் 1907 வரை படித்த பள்ளி, கவிஞர் பைரன் படித்த பள்ளி. பிரிட்டனின் ஏழு பிரதமர்கள் அங்கே படித்தவர்கள். இன்று ஆண்டுக் கட்டணம் 50,000 பவுண்டுக்கு மேல்!

இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் பிரபுவோ பிஷப்போ இல்லை. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு விவசாயி. அவர் தொடங்கியதும் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்காக இல்லை, ஊர்ப் பிள்ளைகள் காசு கொடுக்காமல் படிப்பதற்காக. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? ஹாரோவின் வரலாற்றில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பிரதமர்களின் பட்டியல் அதற்குப் பதில் ஆகாது.

குன்று யாருடையது?

ஹாரோ என்ற பெயரே பள்ளிக்கும் சர்ச்சுக்கும் முந்தியது. கி.பி. 767ஆம் ஆண்டு நில ஆவணம் ஒன்றில் இந்த இடம் 'குமெனிங்க ஹெர்கே' என்று குறிக்கப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹெர்க்' என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டிடம். குமெனிங் என்ற கூட்டத்தாரின் கோயில் இருந்த இடம் என்று பொருள். அந்தக் கூட்டமும் போய்விட்டது, கோயிலும் போய்விட்டது. பெயரின் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிறகு செயின்ட் மேரி சர்ச் வந்தது. கான்டர்பரி ஆர்ச்பிஷப் லான்ஃபிராங்க் காலத்தில் தொடங்கிய கட்டடத்தை 1094இல் அடுத்த ஆர்ச்பிஷப் ஆன்செல்ம் அபிஷேகம் செய்து வைத்தார். அதிலும் ஒரு சண்டை! ஊரின் நிலம் கான்டர்பரி ஆர்ச்பிஷப்புக்குச் சொந்தம். ஆனால் ஊர் இருப்பது லண்டன் பிஷப்பின் எல்லைக்குள். என் எல்லைக்குள் இருக்கும் சர்ச்சை நீர் எப்படி அபிஷேகம் செய்யலாம் என்று லண்டன் பிஷப் கேட்டார். கடைசியில் ஆன்செல்ம் பக்கமே வென்றது.

இரண்டு பெரியவர்கள் இந்தக் குன்று யாருடையது என்று வாதாடியபோது, அங்கே உழுது பிழைத்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு ஹாரோவின் கதை ஏறக்குறைய இப்படியேதான் போகிறது.

ஜான் லயன் எழுதி வைத்தது

ஜான் லயன் ஹாரோ பாரிஷுக்கு உட்பட்ட பிரெஸ்டன் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். (பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சின் எல்லைக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி.) சொந்த நிலம் வைத்திருந்த வசதியான விவசாயி. 1572இல் முதலாம் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்று, ஹாரோவில் ஓர் இலவச இலக்கணப் பள்ளி நடத்த ஏற்பாடு செய்தார். இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம்தான், அந்தக் காலத்துப் படிப்பே அதுதான்.

1591இல் பள்ளிக்கான விதிகளை அவரே எழுதி வைத்தார். படித்துப் பார்த்தால் ஒரு கிராமத்து மனிதரின் கவனம் தெரியும். பெற்றோர் பிள்ளைக்குத் தாள், மை, பேனா, புத்தகம் வாங்கித் தர வேண்டும். குளிர்காலத்துக்கு மெழுகுவத்தி தர வேண்டும். வில்லும் அம்பும்கூடத் தர வேண்டும், ஏனென்றால் வில்வித்தையும் பாடம்! முதல் வகுப்பைத் தாண்டிய பையன்கள் விளையாடும்போதுகூட ஆங்கிலம் பேசக் கூடாது, லத்தீன்தான் பேச வேண்டும். பெண் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. இலவசம் என்றாலும் அது பாதி ஊருக்குத்தான்.

லயன் 1592இல் இறந்தார். மனைவி ஜோன் 1608இல் இறந்த பிறகே சொத்து முழுமையாகப் பள்ளியின் கைக்கு வந்தது. 1615இல் பள்ளிக் கட்டடம் திறக்கப்பட்டது. அந்தப் பழைய அறை இன்றும் இருக்கிறது. அதன் மரப்பலகைச் சுவர்களில் பையன்கள் கத்தியால் செதுக்கிய பெயர்கள் இருக்கின்றன. பைரன், ஷெரிடன், பீல், பாமர்ஸ்டன் என்று வழிகாட்டிகள் விரல் நீட்டிக் காட்டும் பெயர்கள் அவை.

லயனின் விதிகளில் ஒரு சின்னச் சலுகை இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் போக, வெளியூர்ப் பிள்ளைகளையும் ஆசிரியர் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களிடம் கட்டணமும் வாங்கலாம். ஆசிரியருக்குக் கொஞ்சம் கூடுதல் வருமானம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். எண்ணம் எதுவானாலும், அந்த ஒரு வரி வழியாகத்தான் பள்ளி ஊரை விட்டு வெளியே போனது.

வாசல் வழியாக வந்த வெளியூர்

கட்டணம் தருகிற பையன் வந்தால் ஆசிரியருக்கு லாபம். இலவசப் பையன் வந்தால் லாபம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபு வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் ஊர்ப் பையன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள்.

அந்த மிச்ச இடமும் ஊர்க்காரர்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. ஹாரோவில் வீடு எடுத்துக் குடியிருந்தால் 'ஊர்ப் பிள்ளை' ஆகிவிடலாம், கட்டணம் மிச்சம். இப்படியொரு வழி இருப்பதைத் தெரிந்துகொண்ட வெளியூர்க் கனவான் குடும்பங்கள் குன்றடிக்குக் குடிவந்தன.

நாவலாசிரியர் ஆந்தனி டிராலப்பின் குடும்பம் அப்படி வந்ததுதான். (பிரிட்டனின் தெருக்களுக்குத் தபால் பெட்டி வருவதற்குக் காரணமாக இருந்த தபால்துறை அதிகாரியும் இவரே.) அப்பா வழக்கறிஞர். ஹாரோவில் குத்தகைக்குப் பண்ணை எடுத்து, பிள்ளைகளை வீட்டிலிருந்தே பள்ளிக்கு அனுப்பினார். பண்ணை நஷ்டமானது. பையன் சேற்றுப் பாதைகளில் மைல் கணக்கில் நடந்து, அழுக்கு உடையோடு வகுப்புக்குப் போய், விடுதிப் பணக்காரப் பையன்கள் நடுவே உட்கார்ந்தான். அங்கே பட்ட அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அவர் இறந்த பின் 1883இல் வெளியான தன்வரலாற்றில் அது விரிவாக இருக்கிறது. படித்த அப்பாவும் எழுதத் தெரிந்த அம்மாவும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், செருப்புத் தைப்பவரின் மகனோ ரொட்டிக் கடைக்காரரின் மகனோ அந்த வகுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பான்?

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. டிராலப் பிறப்பதற்கு முன்பே, 1809இல், பாரிஷ்காரர்கள் சிலர் பள்ளி நிர்வாகிகள் மேல் வழக்குப் போட்டார்கள். லயன் எங்கள் பிள்ளைகளுக்காக வைத்த பள்ளி இது, வெளியூர்க்காரர்கள் நிறைந்துவிட்டதால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப முடியவில்லை, அனுப்பினால் மற்றப் பையன்கள் கேவலப்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. 1810இல் நீதிபதி சர் வில்லியம் கிரான்ட் தீர்ப்புச் சொன்னார். வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்க்க லயனின் விதிகளே இடம் தருகின்றன, ஆகவே தவறில்லை என்று ஊர்க்காரர்களின் கோரிக்கையை ஏற்க மறுத்தார்.

எழுத்துப்படி பார்த்தால் நீதிபதி சொன்னது சரி. அந்த வரி விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தல் வைத்தவர், மிச்சம் இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்கிறார். பந்தலை நடத்துபவர்கள் முழுத் தண்ணீரையும் விற்றுவிட்டு, விற்கலாம் என்று அவரே சொன்னாரே என்கிறார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் பந்தல் எதற்கு வைத்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே!

மறுபக்கமும் உண்டு

பள்ளியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெளியூர்க் கட்டணம் இல்லாவிட்டால் ஹாரோ பள்ளி என்றைக்கோ மூடப்பட்டிருக்கலாம். இங்கிலாந்தின் சிற்றூர்களில் எத்தனையோ இலக்கணப் பள்ளிகள் அப்படித்தான் மறைந்தன. லத்தீனும் கிரேக்கமும் மட்டும் சொல்லித் தருகிற பள்ளியால் கடைக்காரரின் மகனுக்கு என்ன பயன் என்பதும் நியாயமான கேள்விதான். ஊர்க்காரர்களில் பலர் இலவசமாகக் கிடைத்தும் பிள்ளையை அனுப்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, குன்று பசுமையாக இருப்பதற்கே பள்ளிதான் பெரிய காரணம். 1837இல் ஹாரோவுக்கு ரயில் வந்தது. 1880இல் மெட்ரோபாலிடன் ரயில் குன்றடிக்கே வந்துவிட்டது. அதன்பின் வீடுகள் வெள்ளம்போல் பெருகின, கீழே ஒரு முழு நகரமே உருவானது. மேலே மட்டும் கிராமம் கிராமமாகவே நிற்கிறது. சரிவுகளில் பள்ளியின் மைதானங்களும் வயல்களும் இல்லாமல் இருந்திருந்தால் அங்கேயும் அடுக்கடுக்காக வீடுகள் ஏறியிருக்கும்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இவை எல்லாம் பள்ளி ஏன் மாறியது என்பதற்கான விளக்கங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு உரியதை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டால் இவற்றில் பதில் இல்லை. லத்தீன் பயன்படவில்லை என்றால் பயன்படும் பாடத்தை வைத்திருக்கலாமே?

அதையும் ஒருவர் செய்து பார்த்தார். தலைமையாசிரியர் சார்ல்ஸ் வான் 1853இல் ஊர்க் கடைக்காரர்கள், விவசாயிகளின் பிள்ளைகளுக்காக 'இங்கிலீஷ் ஃபார்ம்' என்று ஒரு தனி வகுப்புத் தொடங்கினார். படிப்புப் பயனுள்ளதுதான், ஆனால் பெரிய பள்ளியிலிருந்து ஒதுக்கி வைத்த வகுப்பு. லயன் பெயரால் நடக்கும் பள்ளியில் லயனின் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனி மூலை!

1868இல் பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் வந்தது. பெயரில்தான் பப்ளிக், உள்ளே இருந்தது பணக்காரர் பள்ளிகளைச் சீரமைக்கும் திட்டம். அதைத் தொடர்ந்து வந்த ஏற்பாட்டில் ஊர்ப் பிள்ளைகளின் பழைய உரிமை கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக 1876இல் 'லோயர் ஸ்கூல் ஆஃப் ஜான் லயன்' என்று குன்றின் சரிவில் தனிப் பள்ளி வைத்தார்கள். பெயரைப் பாருங்கள். நிறுவனரின் பெயர் கீழ்ப்பள்ளிக்கு, ஊரின் பெயர் மேல்பள்ளிக்கு. அந்தக் கீழ்ப்பள்ளியும் காலப்போக்கில் கட்டணப் பள்ளியாகவே வளர்ந்தது. 2021இல்தான் அது பெண் பிள்ளைகளையும் முழுமையாகச் சேர்க்கத் தொடங்கியது. மேலே உள்ள பள்ளி இன்றும் ஆண்களுக்கு மட்டும்.

சாலைக்காக வைத்த பணம்

லயன் பள்ளிக்கு மட்டும் சொத்து எழுதி வைக்கவில்லை. ஹாரோவிலிருந்து லண்டன் போகும் இரண்டு சாலைகளைப் பழுதுபார்க்கவும் தனியாக நிலம் வைத்தார். இன்றைய ஹாரோ ரோடு, எட்ஜ்வேர் ரோடுதான் அவை. விளைபொருளை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குப் போகிற விவசாயிக்குச் சாலையின் அருமை தெரியாதா என்ன?

சாலைக்கு வைத்த நிலம் லண்டனை ஒட்டி, இன்று மெய்டா வேல் என்று அழைக்கப்படும் பகுதியில் இருந்த சுமார் 48 ஏக்கர் பண்ணை. அன்றைக்கு அது வெறும் வயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் வீங்கி அந்த வயலை விழுங்கியது. வாடகை பல மடங்கு ஏறியது. பிரெஸ்டனில் இருந்த அவருடைய சொந்தப் பண்ணை பள்ளிக்குப் போயிருந்தது. அது நீண்ட காலம் பண்ணையாகவேதான் இருந்தது. அதாவது, சாலைக்கு ஒதுக்கிய நிலம்தான் பொன்னானது.

அந்தப் பணம் முதலில் சுங்கச்சாவடி அறக்கட்டளைகளுக்கும் பிறகு உள்ளாட்சி அமைப்புகளுக்கும் போனது. சாலையை அரசே பார்த்துக்கொள்ளும் காலத்தில் தனி அறக்கட்டளை எதற்கு? 1991இல் விதி மாற்றப்பட்டது. அந்தச் சாலைகள் கடந்து போகும் லண்டன் பகுதிகளின் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் அந்த வருமானத்தைச் செலவிடலாம் என்று ஏற்பாடு ஆனது. ஜான் லயன்ஸ் சாரிட்டி என்ற பெயரில் ஒன்பது பகுதிகளில் அது இன்றும் நடக்கிறது. இளைஞர் மன்றங்கள், பள்ளிகள், கலைப் பயிற்சிகள் என்று உதவி போகிறது. அவற்றில் ஹாரோவும் ஒன்று. ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழும் இடம் அது. குன்றுக்குக் கீழே, அங்காடித் தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்காக வைத்த பள்ளி பிரபுக்களிடம் போனது. கல்லும் மண்ணும் போட வைத்த பணம் சுற்றி வளைத்து நானூறு ஆண்டு கழித்துப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. லயன் இரண்டையும் பார்த்திருந்தால் எதைத் தன் பள்ளி என்று சொல்லியிருப்பார்?

காலம் மாறினால் அறக்கட்டளையின் நோக்கத்தைக் காப்பாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்தச் சாலைப் பணமே பதில். பழைய விதி பொருந்தாமல் போனபோது, வெளிப்படையாக உட்கார்ந்து பேசி, இதே ஊர்களின் மக்களுக்கு வேறு எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். வழி கிடைத்தது. பள்ளி விஷயத்தில் அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை. பள்ளி தானாக நழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, போன பிறகு கீழ்ப்பள்ளியைக் கட்டினார்கள்.

பாதையும் பலகையும்

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2003இல் பள்ளி தன் நிலத்தில் டென்னிஸ் மைதானம் அமைத்து வேலி போட்டது. குறுக்கே போனது ஊரின் பழைய பொதுநடைபாதை. நடப்பவர்கள் எதிர்த்தார்கள். பாதையைச் சுற்றிவிட அனுமதி வேண்டும் என்றது பள்ளி. ஆண்டுக்கணக்கில் இழுத்த பிறகு, 2017இல் விசாரணை அதிகாரி பள்ளியின் கோரிக்கையை நிராகரித்தார். 1810இல் தோற்ற ஊர் 2017இல் ஒரு நடைபாதை அளவுக்காவது ஜெயித்தது. வழிக்காகச் சொத்து எழுதி வைத்தவரின் பள்ளி, ஊரார் வழியை மறித்து வாதாடியது என்பதுதான் இதில் வேடிக்கை.

குன்றில் இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. பைரனின் மகள் அலெக்ரா ஐந்து வயதில் 1822இல் இத்தாலியில் இறந்தாள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. செயின்ட் மேரி சர்ச்சில் நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று பைரன் கேட்டார், சர்ச் மறுத்துவிட்டது. வாசலருகே பெயரில்லாமல் புதைத்தார்கள். அப்பாவின் பெயர் பள்ளிச் சுவரில் பெருமையாக நிற்க, மகளின் பெயர் 1980இல்தான் ஒரு பலகையில் ஏறியது. நிறுவனங்கள் யாரை நினைவு வைத்துக்கொள்கின்றன, யாரை வாசலோடு நிறுத்துகின்றன என்பதற்கு இதைவிடச் சின்ன, கனமான உதாரணம் கிடைக்காது.

ஹாரோ பள்ளி இன்று உதவித்தொகைகள் தருகிறது. பாங்காக், பெய்ஜிங், ஹாங்காங், 2023 முதல் பெங்களூரு என்று அதன் பெயரில் கிளைப் பள்ளிகள் இயங்குகின்றன. ஆனால் குன்றின் மேல் உள்ள பள்ளி முழுக்க விடுதிப் பள்ளி. அதாவது, எதிர்வீட்டில் குடியிருக்கும் பையனாக இருந்தாலும் காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய் மாலையில் வீடு திரும்ப முடியாது. லயன் மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னது அப்படி வீட்டிலிருந்து நடந்து வரும் பையனிடம்தான்.

ஒரு நிறுவனம் எவ்வளவு உயர்ந்தது என்று அளக்க எத்தனையோ வழி இருக்கிறது. எத்தனை பிரதமர்கள், எத்தனை ஏக்கர், எத்தனை நாடுகளில் கிளை என்று எண்ணலாம். அதோடு இன்னொரு கணக்கும் எடுக்க வேண்டும். அது யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களில் எத்தனை பேர் இன்று உள்ளே இருக்கிறார்கள்? இந்தக் கணக்கை நிறுவனமே எடுக்கும் என்று காத்திருந்தால் எடுக்காது. 1809இல் வழக்குப் போட்டவர்களைப் போல, நடைபாதைக்காகப் பல ஆண்டு விடாமல் நின்றவர்களைப் போல, ஊர்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தோற்றாலும் கேட்க வேண்டும்.